பேசாலைச் சபையின் வரலாற்றில் விடுபட்ட ஒரு பந்தி

மன்னாரில் பெருக்கமரமும் கோட்டையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் பழைய பதிவு ஒன்று இருக்கிறது. இது வேறு பயணம். பேசாலையில் இருக்கும் என் தங்கச்சி மெற்றில்டா ஜனவரி கடைசியில் போன் எடுத்தாள். நாலு வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. சுகம்கூட விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணா, எங்கட சபைக்கு ரெண்டு பக்கம் எழுதித் தருவீங்களோ? உங்கட புளொக்கை நான் விடாம வாசிக்கிறனான்."

அவளுடைய சபை யாரையும் சாராத தனிச் சபை. வெளிநாட்டு மிஷனும் இல்லை, கொழும்பில் தலைமையகமும் இல்லை. கடவுள் ஒருவரே, அவரில் மூன்று ஆட்கள் இல்லை, இயேசு என்ற ஒரு பெயருக்குள் எல்லாம் அடங்கும் என்பது அவர்களின் விசுவாசம். அந்த ஒரு பெயரில்தான் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லிச் சிலுவை அடையாளம் போட மாட்டார்கள், மாதாவையும் மன்றாட மாட்டார்கள். சபை கூடும் காணி இதுவரை பாஸ்டரின் பெயரில் இருந்தது. அதைச் சபையின் பெயருக்கு மாற்ற, மன்னாரில் ஒரு சட்டத்தரணி 'சபையின் தோற்றமும் வளர்ச்சியும்' என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறார். சபையின் செயலாளர் மெற்றில்டா.

நான் கத்தோலிக்கன். அவளைவிடப் பதினாறு வயது மூத்தவன். அவளுக்கு ஞானத்தகப்பனும் நான்தான். கைக்குழந்தையாக அவளை ஏந்திக்கொண்டு, அவளுக்குப் பதிலாகச் சாத்தானை விட்டுவிடுகிறேன் என்று கோயிலில் சொன்னவன். பிறகு அவள் ராஜனைக் கட்டி, போர்க்காலத்தில் படகேறி, இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது கடலில் மூழ்கி இன்னொரு ஞானஸ்நானம் எடுத்தாள். நான் கொடுத்த வாக்கு செல்லாது என்று அவள் சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது.

அப்பா இறந்தபோது வவுனியாவுக்கு வந்தாள். ஒவ்வொருவராகப் பெட்டிக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டுத் தீர்த்தம் தெளித்தோம். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "அப்பாவுக்கு ஒரு சிலுவை போடேலாத கை இந்த வீட்டில சோறு தின்ன வேண்டாம்." அவள் அடக்கத்துக்குச் சேமக்காலைக்கும் வராமல் போய்விட்டாள். அம்மா அதற்குப் பிறகு அவள் பெயரை எடுத்ததில்லை. போனில் அவள் கேட்டதும் வாறன் என்று சொன்னேன். எழுதுவதற்காக அல்ல, அந்தச் சொல்லை எப்படியாவது திரும்ப வாங்க முடியுமா என்று பார்ப்பதற்காக.

பெப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை காலை 6.10க்கு வவுனியா பஸ் நிலையத்தில் ஏறினேன். மன்னாருக்குச் சுமார் எண்பது கிலோமீற்றர், டிக்கெட் 310 ரூபா. வலது பக்க ஜன்னலில் இருக்க வேண்டாம், திரும்பும் வளைவுகளில் வெயில் முகத்தில் அடிக்கும் என்று எழுத நினைத்திருந்தேன். உண்மையில் முருங்கன் வரை நான் நித்திரை, எந்தப் பக்கம் வெயில் அடித்தது என்று தெரியாது. 8.35க்கு மன்னார். அங்கே ஒரு பிளேன்ரீயும் இரண்டு ரோல்ஸும் வயிற்றில் இறங்கியதும் தலைமன்னார் பஸ்ஸில் ஏறினேன். பேசாலைக்குப் பதினாறு, பதினேழு கிலோமீற்றர், 95 ரூபா, நாற்பது நிமிடம். அன்று நல்ல வாடைக்காற்று. தூரத்தில் காற்றாலைகள் வேலை மெனக்கெட்டுச் சுற்றிக்கொண்டிருந்தன.

சந்தியில் ஓட்டோக்காரரிடம் சபைக்குப் போகவேண்டும் என்றேன்.

"எந்தச் சபை? இஞ்ச மூண்டு கிடக்கு."

"சூசைதாசன் பாஸ்டரின்ர."

"ஓ, மாதா பாஸ்டரிட்டயோ! ஏறுங்கோ." சிரிப்பை அடக்க அவர் முயற்சி எடுக்கவில்லை.

"அதென்ன மாதா பாஸ்டர்?"

"அவரிட்டயே கேளுங்கோ. ஒளிக்கிற மனுசன் இல்லை."

ஒன்றரைக் கிலோமீற்றருக்கு 200 ரூபா. கூடத்தில் சிலுவையும் இல்லை, சுரூபமும் இல்லை. தகரக் கூரை, அரைச் சுவர், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் கதிரைகள். மெற்றில்டா வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். "பயணம் சுகமோ அண்ணா?" என்றாள். நானும் சுகம் என்றேன். நாலு வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்தது.

பாஸ்டரைக் கரையில் கண்டேன். அறுபது வயது, இப்போதும் தொழிலுக்குப் போகிறார். வலையில் சிக்கிய நண்டை நோகாமல் கழற்றிக்கொண்டே கதை சொன்னார். முகாமில் யாரோ விட்டுப்போன வேதப் புத்தகத்தை மூன்று தரம் வாசித்தாராம். முதற் சீஷர்கள் இயேசுவின் பெயரில் மட்டும்தான் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள்.

"அப்ப இந்த மூண்டு பேர் எங்கால வந்தவை எண்டு கேட்டன். கத்தோலிக்கச் சுவாமிமாரையும் கேட்டன், பாஸ்டர்மாரையும் கேட்டன். பதில் வரேல்ல. வாயை மூடு எண்டுதான் வந்தது. விடியப்புறம் கடலுக்க இறங்கி நான் ராஜனுக்குக் குடுத்தன். எனக்கு ஆர் குடுக்கிறது எண்டு ஒரு பிரச்சினை. உடன ராஜன் எனக்குக் குடுத்தவர். தோற்றம் எண்டு கேட்டால் அதுதான் தம்பி."

ஊர் திரும்பியபோது வேறு பிரச்சினை. பேசாலையில் படகைத் தள்ளுவதற்கு முன் எல்லாரும் சிலுவை அடையாளம் போடுவார்கள். இவர் போடவில்லை. ஒரு படகும் இவரை ஏற்றவில்லை.

"அவை கெட்டவை இல்லை. கடலில எல்லாருக்கும் ஒரே உயிர்தானே. ஒருத்தன் கையைக் கட்டிக்கொண்டு நிண்டால் மற்றவைக்குப் பயம் வரும்."

ஆகவே முகாமிலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கின. இரண்டு வருடம் அந்தப் படகில் போனவர்களும் அவர்களின் வீட்டாருமே சபை. வலை வைக்கும் கரைக் கொட்டிலான வாடியில் ஆராதனை. அதிலிருந்து நாற்பத்திரண்டு பேராக வளர்ந்தார்கள்.

பிறகு ஒரு வாடைக்காலத்தில் பாஸ்டர், ராஜன், இன்னொருவர் மூன்று பேரும் கடலில் இருந்தபோது எஞ்சின் நின்றது. படகுக்குள் தண்ணீர் ஏறியது. ராஜன் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் வாய்விட்டுக் கத்தினாராம்: "மாதாவே, காப்பாத்தும்!"

"சின்னனில அம்மா சொல்லித் தந்த சொல். எங்க கிடந்ததெண்டு எனக்கே தெரியாது." பேசாலைக் கத்தோலிக்கரின் படகு ஒன்றுதான் கயிறு போட்டு இழுத்து வந்தது. கூட இருந்த இருவரும் யாருக்கும் சொல்வதில்லை என்று இருந்தார்கள். அவர்களின் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி நேரம் உண்டு. யாரும் எழுந்து தனக்கு நடந்ததைச் சொல்லலாம். அடுத்த ஞாயிறு பாஸ்டரே எழுந்து சொல்லிவிட்டார்.

"சொல்லாமல் விட்டிருக்கலாமே?" என்றேன்.

"விட்டிருந்தால் அதுக்கடுத்த ஞாயிறு என்னத்தைப் பிரசங்கிக்கிறது?"

நாற்பத்திரண்டு பேரில் பதினாலு பேர் மிஞ்சினார்கள். மற்றவர்கள் பிரதான வீதியில் வேறு சபை தொடங்கினார்கள். இன்றைக்கு இங்கே தொண்ணூறு பேருக்கு மேல் கூடுகிறார்கள். "அதையும் எழுதுங்கோ தம்பி" என்றார் பாஸ்டர். எழுந்தபோது அவருடைய முழங்கால் சத்தம் போட்டது.

பின்னேரம் வீட்டில் மெற்றில்டா திருக்கைக் கறியும் புட்டும் போட்டாள். ராஜன் வலைக்கு நூல் வாங்க வெளியே போனதும் மெதுவாகத் தொடங்கினாள்.

"அண்ணா, அந்தப் படகுக் கதையை எழுதாதேங்கோ. சந்தைக்குப் போனாலும் மாதா பாஸ்டரின்ர ஆக்கள் எண்டுதான் சொல்லுகினம். இப்பதான் கொஞ்சம் மறந்து வருகினம். கடுதாசியில போட்டால் சாகும்வரைக்கும் அழியாது."

"பாஸ்டர் எழுதச் சொல்லுறார்."

"அவர் சொல்லுவார். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தில பழிக்கிறது அவருக்குக் கேக்காது. எனக்காக விடுங்கோ."

எனக்காக என்றதும் என் நீதி நியாயம் எல்லாம் படுத்துவிட்டது. நாலு வருடத்தில் அவள் என்னிடம் கேட்கும் இரண்டாவது உதவி. முதலாவது அந்த இரண்டு பக்கம். இல்லை என்று சொன்னால் மூன்றாவது கேட்கமாட்டாள். முகாமை எழுதினேன், முதற் படகை எழுதினேன், வாடியை எழுதினேன். பிறகு 'காலப்போக்கில் சபை வளர்ந்தது' என்று ஒரு வசனம் போட்டு அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டேன். எழுத்துக்காரனுக்கு இந்தக் 'காலப்போக்கில்' மாதிரி உதவுகிற சொல் வேறு இல்லை.

ஞாயிறு காலை 8.30க்கு ஆராதனை. பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். கதிரை போதாமல் பலர் பாயில் இருந்தார்கள். பாட்டுகள் முடிந்து சாட்சி நேரம் வந்தபோது, என்னை வாசிக்கச் சொன்னார் பாஸ்டர். இதை வாழ்ந்தவர்கள் சரி பிழை சொல்லட்டும் என்றார். வாசித்தேன். முதற் படகின் நிறம் பச்சை இல்லை, நீலம் என்று ராஜன் திருத்தினார். 'காலப்போக்கில்' வந்தபோது பாஸ்டர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின் வரிசையில் றீற்றா அக்கா என்ற பெண் எழுந்தார். கிழிந்த வலை பொத்தி வாழ்கிறவர். கணவரைக் கடல் எடுத்துவிட்டது.

"தம்பி, நான் இஞ்ச வந்த விஷயம் இதில இல்லையே. அவர் போன நாளையில இருந்து நான் மாதாவே, மாதாவே எண்டுதான் அழுதனான். என்னை ஆர் இந்தச் சபையில சேர்ப்பினம் எண்டு இருந்தனான். பாஸ்டரும் கத்தினவர், அதை ஒளிக்காமச் சொன்னவர் எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான். என்னைப்போல வந்தவை இஞ்ச எத்தினை பேர். அது இல்லாட்டில் நாங்கள் எப்பிடி வந்தனாங்கள்?"

கூடத்தில் ஒரு பிள்ளை இருமியது. மெற்றில்டா முன்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"அண்ணாவில பிழை இல்லை. விடச் சொன்னது நான். பிள்ளையளைப் பழிக்கினம் எண்டு சொல்லித்தான் விடச் சொன்னனான். உண்மையில எனக்குத்தான் பயம். பாஸ்டரின்ரதை எழுதினால் என்ரதையும் சொல்லவேணும்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. சபையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கட அப்பா செத்த அண்டைக்கு நான் பெட்டிக்கு முன்னால சிலுவை போடேல்ல. என்ர விசுவாசத்துக்காக நிண்டன் எண்டு வந்து உங்களுக்குச் சாட்சி சொன்னனான். நீங்கள் எல்லாரும் கை தட்டினனீங்கள். மிச்சத்தைச் சொல்லேல்ல. பஸ் செட்டிகுளம் தாண்டினபோது நாலு மணி. இப்ப அப்பாவைக் குழியில இறக்குவினம் எண்டு நினைச்சன். பஸ்ஸுக்க இருந்து பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு சொல்லிச் சிலுவை போட்டன். ஒருக்கா இல்லை. மன்னார் வந்து சேருமட்டும் போட்டுக்கொண்டே இருந்தனான்."

யாரும் கை தட்டவில்லை. ஒரு குடும்பம் எழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனது. நான் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அழுதேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். பாஸ்டர் என் பக்கத்தில் வந்தார். "ரெண்டையும் எழுதுங்கோ தம்பி. தங்கச்சியின்ர பேரைப் போடாதேங்கோ, ஒரு சகோதரி எண்டு போடுங்கோ." மெற்றில்டா நின்ற இடத்திலிருந்தே, "பேரையும் போடுங்கோ" என்றாள்.

போட்டேன். இரண்டு பக்கம் இரண்டரையாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அவள் இன்னும் செயலாளராக இருப்பாளா என்பது சபை கூடித்தான் தெரியும் என்றார்கள்.

12.20 பஸ்ஸுக்குச் சந்தியில் நின்றபோது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக்கூடாது என்றேன்.

"உங்களில கோவம் அண்டைக்கே போச்சு அண்ணா. அம்மாவுக்குத்தான் தெரியாது. நான் சொன்னால் சமாளிக்கிறதுக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பா. நீங்கள் சொல்லுங்கோ."

போக நினைப்பவர்களுக்கு: வவுனியாவிலிருந்து காலை முதற் பஸ்ஸில் ஏறினால் ஒரே நாளில் போய் வரலாம். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் பேசாலையிலேயே நிற்கும், நேரத்தை முதலில் விசாரியுங்கள். வாடைக்காலத்தில் வடகரையில் மணல் கண்ணுக்குள் அடிக்கும், கண்ணாடி கொண்டுபோங்கள். சபைகளுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள். சாட்சி நேரத்தில் போனைத் தூக்கவே வேண்டாம். கத்தோலிக்கராக இருந்தால் உங்கள் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போகும். அதற்காக அங்கே யாரும் உங்களைத் துரத்தமாட்டார்கள். அவர்களைப் பற்றி ஊரில் சொல்லப்படும் பட்டப்பெயர்களை அவர்கள் முன்னால் சொல்லிச் சிரிக்காதீர்கள். விசுவாசத்தில் அவர்களோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. மூவொரு கடவுளைத்தான் நான் கும்பிடுகிறேன். ஆனால் தன் வரலாற்றில் தன் தோல்வியை எழுதச் சொன்ன வேறொரு சபையை நான் கண்டதில்லை, என் சொந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

நாலரைக்கு வவுனியா வீடு. அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மெற்றில்டா என்று பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். அம்மா கீரையைக் கீழே வைக்கவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டார். செட்டிகுளம் தாண்டி, நாலு மணிக்கு என்றேன். மிச்சக் கீரையையும் ஆய்ந்து முடித்தார்.

பிறகு சொன்னார்: "வாற சனிக்கிழமை அவளை வரச் சொல்லு. அப்பான்ர கல்லறைக்கு ரெண்டு பேருமாப் போவம். சிலுவை போடு எண்டு நான் கேக்கமாட்டன்."