குறைவாகக் கேட்ட பெட்டி

பல்கேரியாவில், பிளெவென் நகரத்து அடுக்குமாடிகளில் இன்டர்நெட் நின்றுபோனால் ருமியானாவைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலி, வாயில் ஓயாத வசவு. "எவன்டா கேபிளை எலிக்குத் தின்னக் கொடுத்தது?" என்று கத்திக்கொண்டேதான் ஏணி ஏறுவாள். வீட்டுக்குள் மட்டும் குரல் எழாது. கணவர் இக்னாத்துக்கு நாற்பது வயதில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு.

அவருக்காக அவளே ஒரு பெட்டி செய்து சமையலறையில் மாட்டியிருந்தாள். வாசல் மணியை அழுத்தினால் அதில் மஞ்சள் விளக்கு எரியும். தனியாக மின்சாரம் வேண்டாம். மாடிப்படியில், வீடுகளுக்கு இன்டர்நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் என்ற கருவியிலிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாகவே வந்துவிடும். "ஒரு ஈ குடிக்கிற அளவு கரண்ட் போதும் இதுக்கு" என்று பீற்றிக்கொள்வாள். ஒன்பது வருஷம் ஒழுங்காக ஓடியது.

டிசம்பரில் கட்டடத்துக்குப் புது ஸ்விட்ச் வந்தது. அவளே மாட்டினாள். மணியை அழுத்திப் பார்த்தாள், விளக்கு எரிந்தது, வேலைக்கு ஓடிவிட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, இக்னாத்தின் பெயர்நாள், அதாவது அவர் பெயர்கொண்ட புனிதரின் திருநாள். பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. மனசில் நினைப்பு இருப்பவர்கள் தானாக வருவார்கள். அதிலும் இந்தப் பெயர்நாளுக்கு முதலில் வாசல் மிதிக்கிற விருந்தாளியின் ராசிதான் வருஷம் முழுக்க அந்த வீட்டுக்கு. மனுஷன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, பீன்ஸும் பூசணிக்காய் அடைத்துச் சுட்ட பனித்சா ரொட்டியும் மேசையில் வைத்து, விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ருமியானா வந்தபோது எல்லாம் தொடாமல் இருந்தது.

"ஒருத்தரும் வரல, ருமி" என்றார், சிரிக்கப் பார்த்து.

அவள் கையில் ஒரு பை. வெளியே கதவுக் கைப்பிடியில் தொங்கியதை எடுத்துவந்திருந்தாள். உள்ளே அக்ரூட் கொட்டைகள், ஒரு சீட்டு: 'கதவைத் திறக்க மனசில்லன்னா பரவாயில்லப்பா. நெவெனா.'

நெவெனா அவர்களுடைய ஒரே மகள். வெளிநாடு கிளம்பியபோது, "போனா திரும்பி இந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லித் தொலைத்தவர் இவர். இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவளாக வந்து, மணியடித்து, நின்று, போயிருக்கிறாள்.

"நான் இங்கதானே உக்காந்திருந்தேன்!" இக்னாத் குழந்தை மாதிரி அழுதார்.

ருமியானா மகளுக்குப் போன் போட்டு, பெட்டியில் விளக்கு எரியவில்லை, அதனால்தான் அப்பாவுக்குத் தெரியவில்லை என்றாள். "அம்மா, அப்பாவைக் காப்பாத்த பெட்டி மேல பழி போடாத. ஞாயித்துக்கிழமை எனக்கு பஸ்" என்றாள் நெவெனா.

ருமியானா பெட்டியைக் கழற்றினாள். பழைய ஸ்விட்ச் கண்ணை மூடிக்கொண்டு கரண்ட் கொடுத்தது. புதுசு அப்படியில்லை, கொடுத்துவிட்டுக் கவனிக்கும். பெட்டி கொஞ்சமாவது கரண்டைத் தொடர்ந்து இழுக்கவில்லையென்றால், அந்தப் பக்கம் யாருமில்லை என்று நிறுத்திவிடும். சோதித்தபோது பெட்டி விழித்திருந்தது. பிறகு தூங்கியதும் அதற்கு எறும்பளவுதான் தேவை. ஸ்விட்ச் நாலு தடவை கொடுத்துப் பார்த்து, கைவிட்டுவிட்டது.

"சிக்கனமா செஞ்சேன்னு பெருமை வேற எனக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கை, எந்நேரமும் சும்மா எரியும்படி வைத்தாள். "தின்னுடி, நல்லா தின்னு" என்று பெட்டியிடம் சொன்னாள். சனிக்கிழமை முழுக்க அது அணையவில்லை.

அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒயினோடு வந்தார்கள். மஞ்சள் விளக்கு ஜோராக எரிந்தது. இக்னாத்தோ வாசலை மறித்து நின்று, ஒருவரையும் உள்ளே விடவில்லை. கோபம்தான் போல என்று ருமியானா நினைத்தாள். மகளிடம் மறுபடி கெஞ்சினாள்: "பேச வேண்டாம்டி. பஸ்ஸுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மணிய அழுத்து."

ஞாயிறு காலை விளக்கு எரிந்தது. நாற்காலி கவிழ, இக்னாத் ஓடிக் கதவைத் திறந்தார். நெவெனாவின் விரல் இன்னும் மணியிலேயே இருந்தது.

மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "வா கண்ணு, உள்ள வா! பெயர்நாளுக்கு இன்னும் ஒருத்தரையும் உள்ள விடல. நீதான் முதல்!"