ஓக்புன் அக்காவின் புதுப் பல்

ஓக்புன் அக்கா சும்மா இருந்து எங்கள் ஹான்சான் ஊரில் யாரும் பார்த்ததில்லை. ஊர்வம்பெல்லாம் பேசி முடித்துவிட்டால், துணி நெய்ய ரமிச் செடியின் நாரைப் பல்லில் கடித்து மயிரிழையாகப் பிளக்க உட்கார்ந்துவிடுவாள். முப்பத்தெட்டு வருடமாக அவள் பிளக்கிறாள், நான் நெய்கிறேன். நாரை இழுத்து இழுத்து அவளுடைய கீழ்ப்பல் ஒன்றில் பள்ளமே விழுந்திருந்தது. இழையின் நேர்த்தியெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் காய்ந்த கணவாய் மீனை ஆசையாகக் கடித்தாள். உடைய வேறு பல்லா இல்லை? அதேதான் உடைந்தது. பல் டாக்டர் பளபளவென்று புதுப் பல் கட்டிவிட்டார். அதில் நார் வழுக்கியது. மறுபக்கம் கடித்தால் இழை கயிறாக வந்தது. என் தறியில் துணி பாதியில் நின்றது. வேறொருத்தி இழையைச் சேர்த்தால் அந்த இடம் வரிவரியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

"வேற ஆளப் பாத்துக்கடி. நானும் காலை நீட்டி உக்காரணுமில்ல" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்டு நாரை எடுத்துக்கொண்டு அவளை டாக்டரிடம் இழுத்துப் போனேன்.

"இதுல ஒரு பள்ளம் போட்டுக் குடுங்க, டாக்டர்" என்றேன்.

"பள்ளத்த அடைக்கத்தாம்மா எல்லாரும் வருவாங்க."

"அவங்க பல்லு திங்க மட்டுந்தானே" என்றாள் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டார். "சரி, எவ்ளோ ஆழம்?"

"எனக்கென்ன தெரியும்? இவ விரலக் கேளுங்க" என்றாள் அக்கா.

அவர் பல்லை ராவினார். அக்கா நாற்காலியில் சாய்ந்தபடியே ஒரு நாரைப் பிளந்து நீட்டினாள். விரலிடையில் ஓட்டினேன்.

"தடிப்பு."

இன்னும் ராவினார்.

"இப்பவும் தடிப்புதான்."

மூன்றாவது இழை பாதியில் அறுந்தது.

"என் மாமியாரே தேவல டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் பள்ளத்தின் ஓரத்தை மழுக்கினார். நான்காவது இழையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன்.

"என்னடி, அவ்ளோ மோசமா?"

"இது உன் இழைதான்க்கா."

பல் உடைந்த மூன்று வாரமும் ஊரையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவள், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

"வலிக்குதாம்மா?" என்று டாக்டர் பதறினார்.

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, அழுதுகொண்டே அடுத்த நாரை எடுத்துக் கடித்தாள்.