வெயிலில் சுட்ட மாத்திரை

அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமம் குமரனுக்கு. அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். மருந்தியல் பட்டம் வாங்கிய கையோடு ஆம்பூரில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தான். அங்கேதான் அமீர் பாஷாவை முதலில் பார்த்தான்.

"தம்பி, குரோம் அலர்ஜிக்கு நல்ல களிம்பா குடு."

அவருடைய முகம், கழுத்து, புறங்கை எல்லாம் வெந்தாற்போலச் சிவந்திருந்தன. தோல் பதனிடும் தொழிற்சாலையில், தோலைக் குரோம் கரைசலில் போட்டு உருட்டும் டிரம் கொட்டகையில் அவருக்கு வேலை. கையில் லேசாகத் தடிப்பு வந்ததுமே சூப்பர்வைசர் ஜான்சன் இரக்கப்பட்டு, குரோம் தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, தோல் காயப்போடும் களத்துக்கு மாற்றிவிட்டார். அந்தத் தொழிற்சாலையில் யாருக்கு அரிப்பு வந்தாலும் அதுதான் வழக்கம். களத்துக்குப் போன பிறகுதான் அமீர் பாஷாவுக்கு எரிச்சல் இரட்டிப்பானது.

"வாட்ச்சைக் கழட்டுங்க பாய்."

"இன்னாத்துக்கு? டைம் பாக்கப் போறியா?"

பட்டை இருந்த இடம் மட்டும் மாசில்லாமல் இருந்தது.

"இந்தப் பட்டையே குரோம் போட்ட தோல்தானே. குரோம் ஆகலைன்னா மொதல்ல இங்கதான பொங்கியிருக்கணும்? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

பக்கத்தில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த பெண் போகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சட்டையின் உள்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். குளோர்புரோமசின். போன குளிர்காலத்தில், இல்லாத குரல்கள் காதில் கேட்கத் தொடங்கியபோது வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்தது.

"இப்போ அந்தக் கொரல் இல்ல தம்பி. இத மட்டும் வுடச் சொல்லாத."

குமரனுக்குத் தன் கல்லூரி ஆய்வு நினைவுக்கு வந்தது. இதே மருந்தைத் தண்ணீரில் கரைத்து, காற்றில்லாமல் அடைத்து, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தார்கள். நிறம் மாறியது. மெல்லிய குழாயிலிருந்து விழுந்த சொட்டும் முன்னைவிடச் சிறுத்துப்போனது. அதாவது, சோப்பைப் போல நீரின் மேற்பரப்பில் போய்த் திரண்டு அதன் இழுவிசையைக் குறைக்கும் குணம் மருந்துக்குக் கூடிவிட்டிருந்தது.

"வெட்டிங் ஏஜென்ட் போட்டா தண்ணி தோலுக்குள்ள சுலபமா எறங்குதுல்ல பாய்? அந்தக் குணம் இந்த மருந்துக்கும் கொஞ்சம் இருக்கு. வெளிச்சம் பட்டா அது மாறிப்போகுது. நாங்க பாத்தப்ப ஜாஸ்தியாச்சு. ஒடம்புல இருக்கிற மருந்து மேல வெயில் பட்டா தோலைப் பாதிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

"அப்போ உசுரோட இருக்கிற தோலையே ஊறப் போட்டுட்டேன்னு சொல்லு!"

"நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டரப் பாருங்க. அதுவரைக்கும் வெயில் வேணாம்."

அங்கேதான் சிக்கல். வெயில் ஆகவில்லை என்று அமீர் பாஷா ஏற்கெனவே சொல்லிப் பார்த்திருந்தார். ஜான்சன் கேட்கவில்லை. "ஆம்பூர்ல பொறந்துட்டு வெயில் ஆகலையா? இந்த அரிப்போட டிரம் பக்கம் வுட்டா என் வேலை போய்டும் பாய்" என்றுவிட்டார்.

"நெசத்தைச் சொன்னா பைத்தியம்னு பேர் வச்சுடுவானுங்க. தூபாக்கு மாப்பிள்ளை பாத்துனு இருக்கோம் தம்பி" என்றார் மகளை நினைத்து.

சொல்வதா வேண்டாமா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு என்று குமரன் விட்டுவிட்டான். மறுநாள் காலை கடை திறக்கும்போதே அமீர் பாஷா வந்து நின்றார். "கூட வா. இது டிரம்மால வரலங்கறத நீ சொல்லு, மீதிய நான் சொல்லிக்கிறேன்."

களத்தில் தோல்கள் விரிந்து கிடந்தன. அமீர் பாஷா அட்டையை ஜான்சன் கையில் வைத்தார். "மனசு செரியில்லாததுக்குச் சாப்பிடறேன் சார். வெயில்ல நின்னா இதான் சுடுது."

குமரன் விளக்கி முடித்தான். ஜான்சன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்னக் காப்பாத்தறேன்னு அடுப்புல ஏத்தி வச்சுட்டேனே பாய். மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

பக்கத்தில் தோலைப் புரட்டிக்கொண்டிருந்த களத்து வேலையாள் சம்பத் நிமிர்ந்தான். "பாய் நெழலுக்குப் போய்ட்டா நான் மட்டும் இங்க வடகமா காயணுமா சார்?" அமீர் பாஷாதான் முதலில் சிரித்தார்.

பேச்சு வெளியே பரவாமல் இல்லை. பேரணாம்பட்டிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் மறுபடி வரவில்லை. டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். அமீர் பாஷா இப்போது டிரம் கொட்டகையில் வேலை செய்கிறார். புறங்கையில் கறுப்புத் தழும்பு மட்டும் இருக்கிறது. குரல்கள் கேட்பதில்லை. தூபாவுக்கு இன்னும் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்.