கட்டாரிலிருந்து வந்ததல்ல

போன கிழமை காய்ச்சலும் தொண்டை நோவுமாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மூக்குக்குள் குச்சியை விட்டு மாதிரி எடுத்த தாதி, "சேர், இதில கொஞ்சத்தக் கொழும்புக்கு அனுப்புவம். கொரோனால புது வகை ஏதும் வருதா எண்டு பாக்கிறதுக்கு" என்றார்.

பக்கத்தில் இருந்தவருக்குப் பொறுக்கவில்லை. "இன்னுமா? அதுதான் எல்லாம் முடிஞ்சிட்டே! இதால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

கண்ணில் தண்ணீர் வழிய வழிய — குச்சி அப்படி! — நான் ஜவாதை நினைத்துக்கொண்டேன்.

ஜவாத் என் கூட்டாளி. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையிலேயே வீடு. கட்டாரில் லொறி ஓட்டியவர். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம் வேலை போய் ஊருக்குத் திரும்பினார். விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தல் முகாம். அதை முடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார்.

வந்து கொஞ்ச நாள்தான்... ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஜவாதுக்கும் வந்தது. அவருடைய மாமிக்கும் — மனைவி பரீதாவின் உம்மா — வந்தது. நாங்களெல்லாம் எழும்பினோம். மாமி எழும்பவில்லை. கொரோனாவில் போனவர்களை அடக்க அப்போது அனுமதித்திருந்த ஓட்டமாவடியில் அடக்கினார்கள். ஜவாதால் போகவும் முடியவில்லை. அவரே ஒட்சிசனோடு படுத்திருந்தார்.

அதற்குள் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ். "கட்டார்ல இருந்து வந்த ஒராள் புது வைரஸ் ஒண்ட ஊருக்குக் கொண்டு வந்திரிக்கார். எல்லாரும் கவனம்!"

பெயர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

சுகமாகி வந்த பிறகும் ஜவாத் பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. சின்ன மகள் கதவைத் தட்டினால், "கிட்ட வராதீங்க மகள்" என்பார். வாசலில் வைத்த சோறு பாதி அப்படியே திரும்பும். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று கதைப்பேன்.

"மாமிய நாந்தான் மச்சான் மௌத்தாக்கின."

"விசர்க் கதை கதைக்காதீங்க."

"அப்ப ஆரு கொண்டு வந்த? சொல்லுங்க பாப்பம்."



பரீதா உம்மாவை நினைத்து அழுவதா, புருஷனைத் தேற்றுவதா? ஒரு நாளும் அவர் ஜவாதைக் குற்றம் சொன்னதில்லை. "அல்லாஹ்ட நாட்டம்" என்பார். ஆனால் அதைச் சொல்லும்போது ஜவாதின் முகத்தைப் பார்க்கமாட்டார். அதைத்தான் அந்த மனிசனால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் பின்நேரம் சுகாதார அலுவலகத்து டொக்டர் வந்தார். காரைதீவுப் பெண். ஒரே நேரத்தில் இத்தனை பேர் விழுந்ததால், எங்களிடம் எடுத்த மாதிரிகளைக் கொழும்பு ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தாராம். அங்கே வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாக வாசிப்பார்கள். ஆளுக்கு ஆள் பரவும்போது அந்த எழுத்துகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். அதை வைத்து எந்த வைரஸ் எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

வாசல் கேட்டடியில் நின்று — ஒழுங்கைக்கே கேட்கட்டும் என்பது போல சத்தமாக — டொக்டர் சொன்னார்: "ஜவாத், நீங்க கட்டார்ல இருந்து ஒண்டும் கொண்டு வரல்ல. உங்களுக்கும் மாமிக்கும் இந்த ஒழுங்கை ஆக்களுக்கும் வந்தது ஒரே வகை. நீங்க பிளேன் ஏறுறதுக்கு முதலே இந்தக் கிழக்குக் கரையில எடுத்த மாதிரிகள்லயும் அதுதான் இருந்திருக்கு. உங்களுக்கு இஞ்ச வந்துதான் தொத்தியிருக்கு."

பின்னறைக் கதவு திறந்தது.

"அப்ப... மாமிக்கு என்னால வரல்லயா டொக்டர்?"

டொக்டர் பொய் சொல்லவில்லை. அதற்காகவும் அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். "வீட்டுக்குள்ள ஆருக்கிட்ட இருந்து ஆருக்குப் போனதெண்டு இதால சொல்லேலா. அவ உங்களுக்குத் தந்திருக்கவும் கூடும். ஊருக்குள்ள இருந்தது ஊருக்குள்ள பரவியிருக்கு. அவ்வளவுதான்."

ஜவாத் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பரீதா போய்ப் பக்கத்தில் இருந்தார். தன் உம்மாவுக்காக அவர் வாய்விட்டு அழுததை அன்றுதான் கேட்டேன். மாமி மௌத்தாகி எவ்வளவோ நாளைக்குப் பிறகு, அன்றுதான் அந்த வீடு அழுகுரல் கேட்ட மையத்து வீடானது.

வொய்ஸ் மெசேஜ் போட்டவர் அடுத்த நாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பழத்தை மட்டும் நீட்டினார். "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார் ஜவாத். இன்றைக்கு ஜவாத் ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் லொறி ஓட்டுகிறார்.

புது வகை வருகிறதா என்று பார்ப்பது நாட்டைக் காப்பாற்றத்தான். உண்மை. ஆனால் கொழும்பில் யாரோ ஒருவர் எங்கள் ஒழுங்கையில் எடுத்த மாதிரிக் குழாய்களைத் திறந்திருப்பார். அவற்றில் ஜவாதின் பெயர் இருந்திருக்காது, வெறும் இலக்கம்தான். வேலையை முடித்துவிட்டு அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு வாப்பாவை அவர் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை.

பெயர் தெரியாவிட்டால் என்ன... அவருக்காக அல்லாஹ்விடம் கேட்கிற துஆவுக்கு விலாசம் தேவையில்லைதானே!