லெவாரே, லவாரே

சுரண்டியைச் சரித்துப் பிடித்து அமத்தித் தள்ளினான். பலாத்தோல் மாதிரி முள்ளு முள்ளாய் நின்ற சுவர்ப் பூச்சு பாளம் பாளமாய்ப் பெயர்ந்து, கீழே விரித்திருந்த பிளாஸ்ரிக் தாளில் விழுந்தது. முள்ளுகளுக்கிடையில் குடியிருந்த பஸ் புகை அவன் மீசையில் குடியேறியது.

"ஐயோ, என்னப்பா செய்யிறியள்?"

ஏணியில் நின்றபடி எமிலியானுஸ் குனிந்து பார்த்தான். சாப்பாட்டுப் பெட்டியோடு மனைவி அருள்நாயகி கேற்றடியில் நின்றாள். இந்த இத்தாலிய எசமானியின் வீட்டில் அவளுக்குச் சமையல். அவனுக்கு மிச்சம் எல்லாம்.

"கண் தெரியேல்லையே? சிஞ்ஞோரா சொன்ன வேலை."

"அவ சொன்னது லவாரே. கழுவச் சொன்னவ. நான் பக்கத்தில நிண்டு கேட்டனான்."

"லெவாரே எண்டவ. எடுக்கச் சொன்னவ."

"உங்கட காதுக்கு மட்டும் எழுத்து மாறி விழுமோ?"

காலையில் சிஞ்ஞோரா நேப்பிள்ஸில் கப்பல் ஏறும்போது அவனுக்குப் போன் எடுத்திருந்தாள். ஒரே இரைச்சல். பெயின்ற் அடிக்க முதல் தெருப்பக்கச் சுவரை, என்று தொடங்கினாள். பிறகு அந்தச் சொல். இப்போது கப்பல் நடுக்கடலில். போன் போகவில்லை.

அவன் இறங்கி வந்து பார்த்தான். சுவரில் பாதி மொட்டை.

போன வருசம் கேளாமல் எலுமிச்சையைத் தறித்த தோட்டக்காரனை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியவள் சிஞ்ஞோரா. அடுத்த மாதம் இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்க வேண்டும். அவள் வேலையில் வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

ஒரு பாளத்தைப் பொறுக்கிச் சுவரில் வைத்துப் பார்த்தான். கையை எடுத்ததும் விழுந்தது.

"எச்சில் தொட்டு ஒட்டுங்கோவன்."

"வாயை மூடும்."

சோறு பெட்டியிலேயே ஆறியது. பின்னேரம் முழுவதும் இருவரும் படியில் குந்தியிருந்தார்கள். துறைமுகப் பக்கம் கப்பல் சங்கு ஊதியபோது அருள்நாயகி சிலுவை போட்டாள்.

கேற்றடியில் ராக்ஸிக் கார் வந்து நின்றது. சிஞ்ஞோரா பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டுச் சுவரடிக்கு வந்தாள். மொட்டைப் பக்கத்தை உள்ளங்கையால் தடவினாள். எமிலியானுஸ் தொப்பியைக் கழற்றினான். தெரிந்த இத்தாலியப் பாஷை முழுவதும் எங்கோ போய்விட்டது.

"இது ஏன் பாதியில் நிற்கிறது?" என்றாள்.

அருள்நாயகிதான் மெல்லக் கேட்டாள்: "லவாரே?"

"முதலில் லெவாரே. பிறகு லவாரே. இந்த முள்ளுச் சுவரில் அழுக்கைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உரித்துவிட்டுக் கழுவு என்றேனே! உங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு காதா?"

அவள் உள்ளே போனாள். எமிலியானுஸ் ஏணியின் அடிப்படியில் அப்படியே இருந்துவிட்டான். முதலில் மூச்சு வந்தது, பிறகு சிரிப்பு.

"பாத்தியளே, நான் கேட்டதும் சரிதான்," என்றாள் அருள்நாயகி.

"ஓம். சரியாக் கேட்டு என்ர சீவனை எடுத்துப்போட்டீர். சோத்தைக் கொண்டாரும், பசிக்குது."

மறுநாள் மிச்சப் பாதியையும் உரித்தான். உடைசல்களைச் சாக்குகளில் கட்டினான். அருள்நாயகி ஹோஸ் பிடிக்க, அவன் தும்புத்தடியால் சுவரைத் தேய்த்தான். பாசி பிடித்த மூலைக்குக் குளோரின் தண்ணி அடித்துக் கழுவினார்கள். வெடிப்புகளைச் சுவர் காய்ந்த பிறகுதான் அடைக்க வேண்டும். பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.