வேம்படிக் கல்லைப் பிடுங்கி நட்ட அண்ணன்

அன்று வேம்படியில் நின்றவர்கள்: அண்ணன், எங்கள் தாயார், நான், சர்வே அதிகாரி, அவருடைய அளவுச் சங்கிலிக்காரர் இருவர், நெசவாளர் தெருப் பெரியவர், பொதிமாடு ஓட்டும் ராவுத்தர், பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மை. ஆக ஒன்பது பேர். யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று தாயாரிடம் இரண்டு முறை கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது இந்த வறண்ட கிழக்கு மண்ணில். இருபுறமும் மலை விலகி நிற்க, நடுவே காற்று பாய்கிற ஊர். நாங்கள் உழுகிற காடு கொச்சிச் சீமையின் கடைசி ஓரம். அதைக் கிழக்கே தாண்டினால் வெள்ளைக்காரர் ஜில்லா. தகப்பனார் சீக்கிரம் காலமாகவே அண்ணன் பதினாறு வயதில் ஏர் பிடித்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பாறையை உடைத்து அண்ணன் தோண்டிய கிணறு கோடையிலும் வற்றாது. தமிழரோ மலையாளத்தாரோ, தெலுங்கு பேசும் நெசவாளரோ ராவுத்தரோ, குடத்தோடு வந்த எவரையும் அவர் தடுத்ததில்லை.

ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு முட்புதருக்குள் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. அது எல்லைக்கல் என்று எனக்குத் தெரியாது. சாமிக்கல் என்று எண்ணி, மாட்டைப் பூட்டி இழுத்து வந்து, கிணற்றுக்கு மேற்கே வேம்படியில் நட்டேன். தாயார் மஞ்சள் பூசினார். வழிப்போக்கர்கள் கற்பூரம் ஏற்றினார்கள்.

எல்லையைச் சரிபார்க்க வந்த சர்வே அதிகாரி கல்லைப் பார்த்தார். "கிணறு அப்புறத்தாணு. இனி நிங்ஙள் வெள்ளம் எடுக்கான் பாடில்லா" என்றார். கிணறு வேற்றுச் சீமைக்குப் போய்விட்டது, நாங்கள் இனி நீர் இறைக்கக் கூடாது என்றாகிவிட்டது.

நான் அண்ணனை ஒட்டிப் போய் நின்றேன். "அண்ணா, கல்ல நட்டது நானுங்க. செயிலுக்குக் கொண்டு போயிருவாங்களா?" என்று காதோடு கேட்டேன்.

"ஏன்டா, மாட்டப் பூட்டி எல்லையவே இழுத்துட்டு வந்துட்டயா!" என்று சிரித்துவிட்டு அவர் அதிகாரியிடம் திரும்பினார். "ஏனுங்க, இந்தக் கல்லு எங்க ஊட்டு வேலைங்க. பழைய அளவு ஆரம்பிச்ச ஆத்துப் பாறையில இருந்து சங்கிலி போட்டு அளந்து பாருங்க. நாஞ் சொல்றது தப்புன்னா நானே கிணத்த மூடிப்போடறனுங்க."

அளந்தார்கள். கிணற்றுக்குக் கிழக்கே முள்ளுக்குள் பழைய குழி அப்படியே இருந்தது. ஆனால் மஞ்சள் பூசிய கல்லைத் தொடச் சங்கிலிக்காரர்கள் மறுத்தார்கள். "வேண்டாங் கண்ணு, குடும்பத்துக்கு ஆகாது" என்று தாயார் அழுதார்.

அண்ணன் துண்டை இடுப்பில் கட்டினார். "சாமி, எங்க உக்காந்தாலும் நீங்க சாமிதானுங்க. கிணத்துக்கு அந்தப்பக்கம் போய் உக்காருங்க. தண்ணி வத்தாத வருசமெல்லாம் ஒன்னேகால் ரூவா வெக்கறனுங்க" என்று சொல்லிக் கடப்பாரையை ஊன்றினார்.

"உங்க சாமிக்கு என்னைய ஆளே தெரியாது தம்பி, நான் ஒரு கை புடிக்கறேன்" என்று ராவுத்தர் சேர்ந்துகொண்டார்.

கல் இன்றும் கிழக்கே அந்தப் பழைய குழியில்தான் நிற்கிறது. அண்ணன் இருந்தவரை காணிக்கை ஓராண்டும் தவறியதில்லை.

சென்ற ஆண்டு காய்ச்சலில் பதினோரு நாள் கிடந்து காலமாகும் முன்பும், "கிணத்த எட்டிப் பாத்தயாடா?" என்றே அண்ணன் கேட்டார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மலையாளத்து அம்மைக்கும், வைத்தியரை அழைத்து வந்த ராவுத்தருக்கும், கோடித்துணி தந்த நெசவாளர் தெருவாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. எவரேனும் விடுபட்டிருந்தால் என் மறதியைப் பொறுத்தருள்க.

அண்ணன் இல்லாத இந்தக் கோடையிலும் கிணறு வற்றவில்லை. துக்க ஆண்டு என்பதால் சாமிக்கு எதுவும் வைக்கவில்லை. நாளை ஆண்டுத் திதியோடு துக்கம் முடிகிறது. மறுநாள் நானே கிழக்கே கல்லுக்குப் போவேன். கொடுக்க வேண்டியது ஒன்றேகால் ரூபாய்.