தறியிலிருந்து தண்ணீருக்கு

ஆலோசனை நிறுவனத்தில் சேரும் இளையவர்கள் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லலாம்; தாங்கள் எந்த வேலைக்குப் போவது என்பதில் மட்டும் அவர்களை யாரும் கேட்பதில்லை. கல்முனையில் அப்படியொரு நிறுவனத்தில் கடைசி மேசை எனக்கு. உங்களில் சிலரும் அதே மாதிரி மேசையில் இருந்துதான் இதை வாசிப்பீர்கள்.

ஊர் பார்த்து வேலை

நான் படித்தது நீர்ப்பாசனம். எங்கள் பணிப்பாளர் றிஸ்வான் சேர் முதல் நாளே என்னைக் கைத்தறித் திட்டத்தில் போட்டார். நெசவுப் பெண்களின் சிக்கல்களைக் கேட்டு, துணி விற்க வழி சொல்லும் வேலை. என் ஊர் நெசவுக்குப் பேர்போன மருதமுனைதான்; ஆனாலும் எங்கள் வீட்டில் தறியே இருந்ததில்லை, வாப்பாவுக்கு பேக்கரி என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "மருதமுனைப் புள்ளைக்குத் தறியைப் பத்தி ஆரும் சொல்லிக் குடுக்கோணுமா?"

நல்ல பெயர்

நன்றாகச் செய்து காட்டினால் கேட்காமலே மாற்றுவார்கள் என்று நம்பினேன். நீங்களும் நம்பியிருப்பீர்கள். அறிக்கை முடிந்தது, பாராட்டும் வந்தது, கூடவே இரண்டாவது கைத்தறித் திட்டமும் வந்தது. ஏன் என்று கேட்டபோது சேர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நல்லாச் செய்ற ஆள அதுல இருந்து எடுத்தா என்னையத்தான் பைத்தியம் எண்டுவாங்க."

சொல்லவேண்டிய ஆள்

அதன் பிறகு உம்மாவிடம் புலம்பினேன். சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் புலம்பினேன். ஒருநாள் மத்தியானம் நீர்ப்பாசனக் குழுவின் தலைவி டிலானி அக்கா தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து என் எதிரே அமர்ந்தார். சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவர். "நீங்க தண்ணி வேலைக்கு வர விருப்பமெண்டு ஒபிஸில எல்லாரும் சொல்லுறாங்க. என்னட்ட மட்டும் நீங்க சொல்லல்ல."

சம்மாந்துறைக் கூட்டம்

அங்கேயே சொன்னேன். கைத்தறி வேலை கெடாமல் சனிக்கிழமை சம்மாந்துறை விவசாயிகள் கூட்டத்துக்கு வந்து பாருங்கள் என்றார். கூட்டத்தில் தண்ணீர்ப் பங்கீடு எல்லாருக்கும் திருப்தி என்றே பேசினார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. கேட்டுப் பார்த்தால், வந்திருந்தவர்களின் வயல்கள் எல்லாம் தண்ணீர் முதலில் பாயும் வாய்க்காலின் தலைப்பக்கம். கூட்டம் நடந்ததும் அங்கேதான். அக்காவின் காதில் சொன்னேன். அவர் வாகனத்தை வாய்க்கால் முடியும் பக்கம் விடச் சொன்னார்.

அங்கே கதிர் வரும் பருவத்தில் நிலம் வெடித்துக் கிடந்தது. வரம்பில் நின்ற விவசாயியிடம், கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஆரும் சொல்லல்ல மகள். தண்ணி வராத இடத்துக்குக் கதையும் வாறல்ல."

இரண்டு பேராகப் போனோம்

என்னைத் தன் குழுவுக்குத் தரும்படி அக்கா கேட்டார், சேர் மறுத்தார். அவரிலும் குறை சொல்ல முடியாது. நான் பாதியில் போனால் நெசவுப் பெண்களுக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். அப்போதுதான் நௌபரைப் பற்றி யோசித்தேன். அட்டாளைச்சேனைக்காரர், சந்தைப்படுத்தல் படித்தவர். அவரை நீர்ப்பாசனத்தில் போட்டிருந்தார்கள். மதகு என்றாலே முகம் சுளிப்பார். கைத்தறிக்கு வர விருப்பமா என்று நான் கேட்டு முடிக்க முன்னமே "ஓம்" என்றார்.

அடுத்த சில வாரங்கள் அவரையும் நெசவுப் பெண்களிடம் கூட்டிப் போனேன். அவர்கள் நெய்த துணியை வாங்கிக்கொள்ள கொழும்பில் ஒரு கடையைப் பிடித்துத் தந்ததும் அவர்தான். பிறகு இருவரும் சேரின் அறைக்குப் போனோம். சேர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் முடிவெடுத்துட்டுத்தான் வந்திரிக்கீங்க. நான் எதுக்கு, கையெழுத்துக்கா?"

விடைபெறப் போனது

நெசவாளர் குழுவின் தலைவி ஜெசீமா ராத்தாவிடம் நானே சொல்லப் போனேன். வாழ்த்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தறியை நிறுத்தவில்லை. வியாபார விஷயம் என்னைவிட நௌபருக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அது உண்மைதான், ஆனாலும் சொல்லும்போது எனக்கே சாக்குப்போக்காகக் கேட்டது. அவர் தறியிலிருந்து நிமிர்ந்தார். "நல்ல மனிசன்தான். ஆனா ஆள் மாற மாற எங்கட கஷ்டத்த முதல்ல இருந்து சொல்றது நாங்கதானே, தங்கச்சி."

கேட்டு வாங்கிய வேலையில் ஒரேயொரு நட்டம்தான்: வயல்வெளியில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது குற்றம் சொல்ல வேறு ஆள் கிடைக்காது.